கிளிசரினில் வரைந்த கோடு

விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுக வீதியில் வேலைக்குப் போகும் மேனுஜாவின் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை... மீன்தூள் ஆலையின் நாற்றம் மட்டும் கூடவே வந்தது.

மேனுஜா பிரியந்தனின் மச்சாள். அவளுக்கு நடந்ததைத்தான் அவன் சொல்லத் தொடங்கியிருந்தான். இக்காஸ்ட் நகரத்தில் இருந்த அவன் வீட்டுச் சோபாவில், சாப்பாட்டுக்கு வந்த எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"சாப்பிட்ட உடனை நாத்தக் கதையோ அண்ணை?" என்றாள் கோகிலா.

"சத்தி வந்தால் வெளியிலை போய் எடு. கதை நிக்காது" என்றான் பிரியந்தன்.

இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம். யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்திருந்தார்கள். முள்ளிவாய்க்காலில் அகப்பட்ட மேனுஜாவின் தம்பி யதுர்சனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அம்மா வீட்டில் போனை மடியில் வைத்தபடியே இருந்தார். உயிரோடு இருக்கிறானா... அது ஒன்றுதான் மேனுஜாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவளுக்கு ஆய்வுகூடத்து இருட்டறையில் வேலை. கண்ணாடி உருளை நிறையக் கிளிசரின்; அதன் நடுவே சுழலும் இன்னோர் உருளை. கிளிசரினில் கரைத்த சாயம் கண்ணுக்குத் தெரியாது. புற ஊதாக்கதிர் பட்ட இடம் மட்டும் விழித்துக்கொண்டு, நீல விளக்கில் பச்சையாக ஒளிரும். கதிரால் ஒரு கோடு வரைவாள். கைப்பிடியால் உள் உருளையைச் சுற்றுவாள். கோடு இழுபட்டு, மெலிந்து, கலந்து காணாமல் போகும். அதே அளவு பின்னோக்கிச் சுற்றினால்... போன கோடு திரும்பி வரும். தடித்த திரவத்தின் குணம் அது.

அன்றும் பின்னோக்கிச் சுற்றினாள். கோடு வரவில்லை.

கதிர் படாத இடத்தில் பச்சை திரண்டது. முதலில் மயிர்... கொத்தாக. பிறகு ஊறி வெளுத்து, நகம் கழன்ற விரல்கள். பிறகு ஒரு கன்னம். முற்றாத நுங்கு போலத் தளதளத்தது. கிளிசரினுக்கு மணமே கிடையாது. ஆனால் முள்ளிவாய்க்காலை ஒட்டிய கடல்நீர்க் களப்பின் அழுகிய சேறு மணத்தது. அந்த மணம் இனிப்பாக நாக்கில் ஒட்டியது. ப்ளக்... அடியிலிருந்து ஒரு குமிழ் எழுந்து உடைந்தது.

கைப்பிடியை விட்டுவிட்டுக் கழுவுதொட்டிக்கு ஓடி ஓங்காளித்தாள். எவ்வளவு கழுவியும் கை வழுக்கியது.

போன் அடித்தது. அம்மா.

"பிள்ளை! தம்பி கோல் எடுத்தவன்!" அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "உயிரோடை இருக்கிறான்... கதைதான் வடிவா விளங்கேல்லை. வாய்க்குள்ளை என்னவோ கொழகொழவெண்டு..."

"என்னம்மா சொன்னவன்?"

"உன்னைத்தான் கேட்டவன். 'அக்கா ஏன் நிப்பாட்டினவ? இன்னும் சுத்தச் சொல்லுங்கோ... நான் பாதிதான் வந்திருக்கிறன்' எண்டு."