டிசம்பர் வரைக்கும் பேண்டு இலவசம்

இந்தக் காலத்து ஆட்களுக்குச் சும்மா கிடைப்பதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. ஈப்போவில் ஏதாவது ஒரு பேரங்காடிக்குப் போய்ப் பாருங்கள். மூன்று சவர்க்காரம் வாங்கினால் ஒன்று இலவசம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பான். படித்த பெண் ஒருத்தி இரண்டை எடுத்து, கைப்பேசியைத் தட்டிக் காசு கட்டிவிட்டுப் போவாள். எனக்கு வயிறு எரியும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவன். ஆனால் இலவசம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை விட்டதில்லை.

யாரையும் நம்பவும் மாட்டேன். கோப்பெங் போகிற வழியில் புதிதாகத் திறந்த கல்லறைத் தோட்டத்தின் ஏஜெண்டு ஷர்வின் போன வருஷம் வந்தபோது, கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்துப் பேசினேன்.

“அங்கிள், ரெண்டு பேருக்குச் சேத்து எடுத்தா பாதி விலை லா. ஆண்ட்டிக்குப் பக்கத்துலயே உங்க இடம்.”

“பாதின்னா, மொதல்ல ரெட்டிப்பா ஏத்தியிருப்பீங்க.”

“இந்த வருஷக் கடைசிக்குள்ள யாராச்சும் போயிட்டா பேண்டு பெர்குமா அங்கிள், காசே வேணாம். ஒம்போது பேரு. பூ ஜோடிச்ச காரு, வாரவங்களுக்குக் காப்பி, பன்னு. ஜனவரி வந்துட்டா அதெல்லாம் கெடையாது.”

பேண்டு என்றதும் கேட்டைத் திறந்துவிட்டேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பேண்டு வாசித்து எடுத்த சவம் ஒன்றே ஒன்றுதான், ஆபீஸ் கணக்கு பார்த்த பெரிய கிராணியின் மனைவி. பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள் செத்தால் என் லாரிதான். அன்று என் பெண்டாட்டி பியாட்ரிஸ் பால் வாளியோடு ஓரமாக நின்று பார்த்துவிட்டு, “நமக்கெல்லாம் எங்க வரப்போவுது” என்று சிரித்தாள். ஒரே ஒரு தரம் சொன்னாள். எனக்கு மறக்கவில்லை. அவ்வளவு பாசம்.

தோட்டம் மூடியபோது கொடுத்த நஷ்டஈட்டுப் பணம் இருந்தது. இரண்டு இடமும் எடுத்தேன்.

பியாட்ரிசுக்கு அப்போதே இருதயத்தில் கோளாறு. பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்குப் பதிந்திருந்தோம். நவம்பரில் என் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. அவளிடம் கைப்பேசி கிடையாது.

“அங்கிள், ஆண்ட்டிக்குத் தேதி கெடைச்சிருச்சு. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க” என்றாள் நர்ஸ்.

“ஜனவரிக்குப் போடும்மா.”

“ரொம்ப லேட்டு லா அங்கிள். டாக்டர் அவசரம்னு எழுதியிருக்காரு. ஆண்ட்டிகிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?”

“அவதான் சொல்லச் சொன்னா.”

அரசாங்க ஆஸ்பத்திரியில் நவம்பரிலும் ஒரே செலவு, ஜனவரியிலும் ஒரே செலவு. பேண்டு அப்படியில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவளுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. இரண்டுக்கும் வாய்ப்புக் கொடுத்தேன்.

அவள் பையில் துணி அடுக்கிவைத்துக் காத்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியிலேயே தூங்கினாள்.

“என்னாங்க, ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சா?”

“வரல. அவங்களுக்கு நீ ஒருத்தியா?”

கிறிஸ்துமஸ் அன்று திடீரென்று தெளிந்துவிட்டாள். கேக் இரண்டு துண்டு சாப்பிட்டாள். மகள் ட்ரேசியோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி காலையில் நாற்காலியிலேயே போய்விட்டாள். அழுதேன், பொய் சொல்லவில்லை. அழுது முடித்து நாள்காட்டியைப் பார்த்தேன். சோடா மூடியைத் திறந்ததுபோல் அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று ஏறியது. ட்ரேசிக்கு முன்னால் ஷர்வினுக்குத்தான் போன் போட்டேன்.

சிவப்புக் கோட்டு, தங்கப் பொத்தான், பளபளவென்று வாத்தியம். எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். ஒன்பதாவது ஆள் மோட்டார்சைக்கிளில் வந்து சேருகிறவரை பெட்டியை எடுக்க விடவில்லை. சிலிம் ரிவரிலிருந்து பழைய தோட்டத்துச் சனம் பஸ் பிடித்து வந்து வாயைப் பிளந்து நின்றது. கிராணியின் மகனும் நின்றான். எக்காளம் ஊதியபோது சப்பாத்துக்குள் என் கால் தானாகத் தாளம் போட்டது. பிடித்துக்கொள்ள ஆளில்லாதிருந்தால் ஆடியே இருப்பேன். பன்னும் நன்றாக இருந்தது, நான்கு சாப்பிட்டேன்.

ஜனவரியில் ஆஸ்பத்திரி அழைத்தபோது போனை எடுத்தவள் ட்ரேசி. நவம்பர் தேதியை நான் தள்ளிப்போட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அத்தோடு என்னோடு பேச்சு நின்றுபோனது. போகும்போது, ஃபாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனமாவது செய் என்றாள். போனேன். இங்கே சொன்னது அத்தனையும் ஃபாதரிடம் சொன்னேன்.

“செஞ்ச பாவத்துக்கு மனசு வருந்தாம மன்னிப்பு கெடையாது ஆம்புரோஸ்.”

“தேதியத் தள்ளிப்போட்டது நாந்தான் ஃபாதர். அவகிட்ட மறைச்சதும் நாந்தான். பேண்டுக்காகத்தான். இல்லேன்னு சொன்னனா?”

“சரி, ஒன்னோட இடமும் இருக்கே. இந்த டிசம்பருக்குள்ள போனா ஒனக்கும் பேண்டு பெர்குமான்னா என்ன செய்வ?”

“இந்த வருஷமும் சலுகை உண்டுன்னு போன வாரமே ஷர்வின் வந்து சொன்னாரு. போய்யா வேலையப் பாத்துக்கிட்டுன்னு அனுப்பிட்டேன்.”

அவ்வளவு படித்த ஃபாதர், இதில் என்ன குற்றம் என்று கடைசிவரை எனக்கு விளங்கச் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அன்று பிற்பகல் எனக்குக் கண் ஆப்பரேஷன். ஆஸ்பத்திரிக்காரன் தேதி கொடுத்தால் நேரத்தோடு போய் உட்கார வேண்டும், உடம்பு விஷயத்தில் விளையாடக் கூடாது.