வரம்புக்கு மேலே ஒரு வண்டு

தலைக்கு மேல் திடீரென்று 'ங்ங்ங்' என்று இரைச்சல் கேட்டபோது நாங்கள் வயல்கரையில் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தோம். அன்று கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக வாய்த்திருந்தது.

கண்டாவளையில் நடுவயதைத் தாண்டிய எவருக்கும் அந்த இரைச்சல் தெரியும். சண்டைக் காலத்தில் வேவு விமானத்தை வண்டு என்போம். வண்டு சுற்றினால் பின்னால் செல்லடி வரும். எல்லோரும் யோசிக்காமல் குப்புற விழுந்தார்கள். கூலிக்கு வந்த பழனியாண்டி சோற்றுக் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாய்க்காலுக்குள் படுத்தார். நான் படுக்கவில்லை. அதைத்தானே மத்தியஸ்த சபை ஐயாமார் கேட்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்.

பறந்தது என் தம்பி மகன் கிருபனின் ட்ரோன். லீவில் வரும்போது பொழுதுபோக்குக்கு வாங்கி வந்தது. பண்பான பொடியன். பறக்கவிட முன்னரே என்னிடம் வந்து, "பெரியப்பா, இதை எங்கெங்க விடலாம்?" என்று கேட்டான். கமக்காரர் அமைப்பின் தலைவர் சிற்றம்பலத்துக்கு, அதாவது எனக்கு, சட்டதிட்டம் தெரியும் என்று ஊரே சொல்லும்.

பொறுமையாக விளக்கினேன். முகாம் பக்கம் கூடாது. ஓடுபாதைப் பக்கம் கூடாது. சனம் கூடும் இடத்துக்கு மேலே, கோயில் திருவிழா என்றாலும் கூடாது. கண்ணுக்கு எட்டாத தூரம் கூடாது. பிறர் காணிக்கு மேலே, சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் கூடாது. மாடு மேயும் இடத்திலும் கூடாது, பால் வற்றிவிடும். கடைசி மட்டும் நான் சேர்த்தது. பிள்ளை எங்கேயாவது மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற அக்கறைதான்.

அக்கறைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் வயலும் தம்பி வயலும் அருகருகே. தம்பி செத்த பிறகு அவன் மனைவி விமலேஸ்வரிதான் விதைக்கிறார். நடுவில் ஒரு வரம்பு. விதைப்புக்கு முன் வரம்பு செதுக்குவது வழக்கம். என் பக்கத்தில் புல்லோடு மண்ணை வெட்டி, அவர் பக்கத்தில் அணைத்துவிடுவேன். போகத்துக்கு ஒரு சாண். தம்பியின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு தொடங்கினேன். நல்ல மழை, மண் இளகியிருந்தது. தனிய ஒரு பெண் அவ்வளவு வயலோடு மாரடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்.

விளைச்சல் குறைகிறது என்று அவர் கவலைப்பட்டபோது, எந்த உரம் போடலாம் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். கிருபன் படிப்பை விட்டு வவுனியாவில் கடை வேலைக்குப் போனபோது பஸ் ஏற்றிவிட்டதும் நான்தான்.

இரு முனையிலும் உள்ள எல்லைக் கல்லை நான் தொட்டதில்லை. நடுப்பகுதி மட்டும்தான் நகர்ந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு வீடு கட்டலாம். தரையில் நின்றால் ஒன்றும் தெரியாது. மேலே இருந்து பார்த்தால் பிள்ளைத்தாய்ச்சி வயிறு போல வரம்பு அவர் பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆகவே வானத்தில் ஓர் இடமும் மிஞ்சாதபடி விளக்கினேன்.

கிருபன் சொல்வழி கேட்பவன் என்பதை மறந்துவிட்டேன். நான் கூடாது என்ற இடங்களை எல்லாம் கழித்துப் பார்த்து, மிஞ்சிய ஒரே இடத்தில் பறக்கவிட்டான். தாயின் வயலுக்கு மேலே, தாயின் சம்மதத்தோடு. சம்மதித்த தாயும் இரைச்சல் கேட்டதும் பழைய பழக்கத்தில் குப்புற விழுந்தார். அரிவு வெட்டு முடிந்து வயல் மொட்டையாகக் கிடந்த நாள் அது.

நெல் காயவிடும் நீலப் படங்கை இழுத்துக்கொண்டு ஓடி, வளைவின் மேல் விரித்தேன். நீலத்தில் வளைவு இன்னும் எடுப்பாகத் தெரிந்ததாம்.

பின்னேரம் கிருபன் ட்ரோன் மேலிருந்து எடுத்த படத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டினான். வண்டுப் பயத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் ஓடிவிட்டேன் என்றேன். பழனியாண்டிக்குக் கண் கலங்கியது. எனக்கே கொஞ்சம் கலங்கியது. விமலேஸ்வரி மட்டும் தலைமுடியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டியபடி மெதுவாகக் கேட்டார்:

"வண்டுக்குப் பயந்து நாங்கள் எல்லாரும் தலையைத்தானே மூடினனாங்கள். நீங்கள் ஏன் அத்தான் வரம்பை மூடினனீங்கள்?"