எழுதாத தேர்வுக்குப் பூஜ்யம்

எனக்குக் கோபமே வராது. கேட்டுப் பாருங்கள், என் தங்கையே சொல்வாள்.

அந்த மென்பொருளை நானும் தங்கையின் கணவரும் சேர்ந்து எழுதினோம். பள்ளிகள் பிள்ளைகளின் மதிப்பெண்களைக் கொடுத்தால், இனி யார் எப்படிப் படிப்பார்கள் என்று அது கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லும். அதைப் பார்த்துத்தான் பள்ளிகள் பிரிவு ஒதுக்கும். இலவசம்தான். உள்ளே இருக்கும் எந்த வரியையும் யாரும் திறந்து படிக்கலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்போம் என்பது எங்கள் விதி. அவர் எழுதியதை நான் ஒரு புள்ளி விடாமல் படித்தேன்.

பிறகு ஒரு மாநாடு வந்தது. மேடையில் மாப்பிள்ளை, "இது முழுக்க என் உழைப்பு" என்றார். முன்வரிசையில் இருந்த என்னைக் காட்டி, "இவர் என் மச்சான். கூடமாட ஒத்தாசையா இருப்பார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். என்னைக் கறிவேப்பிலையாக்கிவிட்டார்.

ஊர் திரும்பியதும் ஒரு வரியை மாற்றினேன். பிள்ளை எழுதாத தேர்வை விட்டுவிட்டுக் கணக்கிடுவது பழைய முறை. இனி அதற்குப் பூஜ்யம். ஒருமுறை படித்தாலே தப்பு தெரிந்துவிடும்.

"படிச்சீங்களா மாப்ளே?"

"நீங்க எழுதினதை நான் எதுக்குப் படிக்கணும் மச்சான்? அப்பவே சேர்த்துட்டேன்."

நோயில் படுத்துத் தேர்வு எழுதாத பிள்ளைகளுக்கெல்லாம் அறிவியல் பிரிவு கிடைக்காமல் போயிற்று. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாயிற்றே என்று ஆசிரியர்கள் எழுதிக் கேட்டார்கள். கணக்கு சரிதான் என்று மரியாதையாகவே பதில் போட்டேன். மாப்பிள்ளை என்றைக்காவது அந்த வரியைப் படிப்பார், என்னிடம் வந்து நிற்பார் என்று காத்திருந்தேன்.

தங்கை மகள் டாக்டராக ஆசைப்பட்டவள். மஞ்சள் காமாலையில் கிடந்து அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை. அவள் பள்ளியிலும் எங்கள் மென்பொருள்தான். அறிவியல் இவளுக்கு வராது என்று அது சொன்னது. அவள் அப்பா அதைத்தான் நம்பினார், மகளை நம்பவில்லை.

என்னிடம் வந்து கேட்டாள். "நான் மக்கா மாமா?"

தலையைத் தடவிக்கொடுத்தேன். "உங்கப்பா செஞ்சது தப்பா சொல்லுமாம்மா?"

புத்தகங்களைக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். இப்போது யாரிடமும் பேசுவதில்லை.

அந்த வரியைப் படித்து ஒப்புக்கொண்டவர் அவர்தான் என்று மாப்பிள்ளையை விசாரிக்க அழைத்து, வெளியே உட்காரவைத்திருக்கிறீர்கள். வரியை எழுதியது நான், தெரிந்தேதான் எழுதினேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆனால் துரோகம் என்று மட்டும் சொல்லாதீர்கள். துரோகி மறைப்பான். நான் எல்லோரும் படிக்கத் திறந்துதானே வைத்திருந்தேன்.