நரி வயித்துல இருந்த கட்டி

அந்த நாற்காலி வேணாம் சார், ஒரு கால் ஆடும். இந்த முக்காலியில உக்காருங்க. நாத்தமா? செத்த மிருகத்தை அறுக்கிற அறை சார், பின்ன அத்தரா மணக்கும்?

தலைமை ஆபீஸ்ல இருந்து என் கையெழுத்துக்குன்னே வந்திருக்கீங்க. போடறேன். படிச்சுட்டுப் போடறேன். எட்டாங்கிளாஸ்தான், ஆனா எழுத்துக் கூட்டிப் படிச்சுருவேன். மாடுகளுக்கு டிபி பரவியது நரிகளால்னு போட்டிருக்கு. அடேயப்பா. எந்த நரி சார் வந்து ஒத்துக்கிட்டுப் போச்சு?

நீங்க நரியைக் கிட்டத்துல பாத்திருக்கீங்களா? டிவியிலயா? சரிதான். இந்த வருசம் மட்டும் நாப்பத்திமூணு நரியை இந்த மேசையில அறுத்திருக்கேன். ரோட்டுல அடிபட்டது இருபத்தாறு, வேலிக்கம்பியில மாட்டினது அஞ்சு, வனக்காவலர் தூக்கிட்டு வந்தது பன்னெண்டு. அதுல டிபி இருந்தது ஆறு. எங்க பெரிய டாக்டர் பல நரிகள்னு எழுதியிருக்காரு. ஆறுன்னு எழுதினா பேனா மை தீந்துருமா?

அந்த ஆறுலயும் நுரையீரல் சுத்தமா இருந்துச்சு. கட்டி எங்க இருந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா? குடலை ஒட்டின நெறியில, நிணநீர்க் கட்டின்னு டாக்டருங்க சொல்வாங்களே, அதுல. மூச்சுல போயிருந்தா நெஞ்சுல இருக்கும். வயித்துல இருந்தா, தின்னு வந்திருக்கு. அவ்வளவுதான், இதுக்குப் போய் வெளிநாட்டுப் படிப்பா? பெரிய டாக்டர் மாதிரி கதவுகிட்டயே கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா, வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?

எங்க தின்னுச்சா? வந்ததுலேருந்து இப்பத்தான் உருப்படியா ஒண்ணு கேட்டிருக்கீங்க. ஆறும் கெடச்சது கல்குவாரிக்குப் பின்னாடி, ஒரே பால் பண்ணையைச் சுத்தி. நோயில செத்த மாட்டை ஆளுயரக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கணும். அங்க முழங்கால் ஆழம்தான். நரியைக் கூப்பிட்டு விருந்து வெச்ச மாதிரி. மாடு நரிக்குக் குடுத்துச்சு சார், நரி மாட்டுக்குக் குடுக்கல.

நாளைக்குத் துப்பாக்கியோட வந்து நரியையெல்லாம் சுட்டுத் தள்ளுவீங்க. சீக்கு மாடு அது பாட்டுக்கு நின்னு பால் கறக்கும். பிரமாதம்.

எப்படி இவ்வளவு உறுதியா சொல்றேனா? அந்தக் குழியை வெட்டினது நான்தான். பண்ணை என் மாப்பிள்ளையோடது. முழங்கால் ஆழத்துலயே எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு, போதும் மாமான்னாரு, நானும் போதும்னுட்டேன். வெளிய தெரிஞ்சா பத்தொம்பது மாட்டையும் கொன்னுருவீங்கன்னு மூணு மாசமா வாயைத் தெச்சுக்கிட்டு இருந்தேன். பெரிய டாக்டருக்காவது ஒண்ணும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும்.

அந்தக் காகிதத்தைத் திருப்பிப் போடுங்க, பின்பக்கம் நான் சொல்றதை எழுதுங்க. அதுல கையெழுத்துப் போடறேன்.

இன்னிக்கு ஏன் சொல்றேனா? பேத்திக்கு அஞ்சு வயசு சார். கறந்த சூட்டோட காய்ச்சாமயே குடிக்கும். நேத்து தலை வாரிவிட்டேன். கழுத்துல கட்டி, வலது பக்கம் ரெண்டு, இடது பக்கம் ஒண்ணு.