துரைக்கு ஒரு பாறை

தெர்மோகோல் அறுக்க ரொட்டிக் கத்திதான் தோது. ரம்பம் போட்டால் மணி மணியாக உதிர்ந்து வீடெல்லாம் பறக்கும். நாற்பது வருஷம் நாடக மேடைகளுக்குக் குகை செய்தவன் சொல்கிறேன்.

இருப்பது தங்கை வீட்டு மாடியறையில். அவள் வீட்டுக்காரர் மீன் வளர்க்கிறார். ஒரே ஒரு தங்கமீன், கொழுத்தது, பெயர் துரை. மனிதர் தினமும் அதன் முகத்தில்தான் விழிப்பார். கண்ணாடியில் யார் விரல் வைத்தாலும் துரை வாலை ஆட்டிக்கொண்டு வரும். என் விரலுக்கு மட்டும் வந்ததில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மச்சான், துரைக்குப் பின்னால ஒரு பாறை செஞ்சு குடுங்களேன். வெறும் கண்ணாடியப் பாத்து அவனுக்குச் சலிச்சுப்போச்சு."

"அவனே சொன்னானா மாப்ள?"

"கிண்டல் பண்ணாதீங்க. பன்னெண்டு வருஷப் பழக்கம்."

தெர்மோகோலைச் செதுக்கி, சிமெண்ட் கரைத்து நாலு பூச்சு பூசினேன். ஊறாத பச்சை சிமெண்ட் தண்ணீரில் காரத்தைக் கக்கும். தினம் தண்ணீர் மாற்றி ஆறு வாரம் ஊறவைத்தால்தான் மீன் பிழைக்கும். மிதக்காமல் மேலே கல் வைத்து, மொட்டைமாடியில் ஊறப்போட்டேன். ஒரு நாள் தவறவில்லை.

ஆறாவது வாரம் அதேபோல் இன்னொன்று செய்து, இரண்டு நாள் காயவிட்டேன். துரையின் தொட்டிக்குப் போனது அதுதான்.

அன்று சாயங்காலமே துரை மேலே வந்து வாயைப் பிளந்தது.

"தண்ணிய மாத்திடட்டுமா மச்சான்?"

"மாத்தினா தாங்காது மாப்ள. புது வீடு, பழகட்டும்."

மூன்று நாள் நாற்காலி போட்டு, கண்ணாடியில் விரல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார், ஐம்பத்தெட்டு வயசு ஆள். நானும் துணைக்கு இருந்தேன். கடைசி வரை துரை அந்த விரலருகேதான் கிடந்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாடுபட்டுச் செஞ்சீங்க. அவனுக்குத்தான் குடுத்துவைக்கல."

ஊறிய பாறை இப்போது என் அறையில், புதுத் தொட்டியில் இருக்கிறது. புது மீனும் வாங்கிவிட்டேன். இது மட்டும் எப்படிப் பிழைத்தது என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அந்த மூளையை வைத்துக்கொண்டு எப்படித்தான் இத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்தாரோ.

நான் போனால் அது பாறை இடுக்கில் பதுங்குகிறது. அவர் விரலுக்கு ஓடி வருகிறது. அவசரமில்லை, பழகட்டும். மூட்டையில் இன்னும் பாதி சிமெண்ட் இருக்கிறது.