இனிப்பு காணாமற்போன புட்டி

எந்தத் துணியைக் கொடுத்தாலும் எனக்கொரு சட்டையும் தனக்கொரு கைக்குட்டையும் சேர்த்தே தைத்துக்கொள்ளும் கைவண்ணக் கலைஞரே, மலிவு மதுச் சுவைஞர் மன்றத்தின் மாண்புமிகு தலைவரே! முடி வெட்டும் வேகத்தைவிட வதந்தி வளர்க்கும் வேகம் மிகுந்த செயலாளரே, சலூன்காரத் தம்பியே! முன்வரிசையில் கண்மூடி அமர்ந்து என் பேச்சை ரசிப்பதாக நான் நம்ப விரும்பும் மூத்தோர்களே! கணவன்மார் கையிலிருக்கும் டம்ளர்களைக் கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருக்கும் கண்ணியமிகு தாய்மார்களே! அனைவருக்கும் இந்தப் பூட்டுக்காரனின் வணக்கம். கொஞ்சம் சந்தேகம் கலந்த வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பத்தாம் வகுப்புவரை படித்தவன் நான். அதற்கு மேல் என்னைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்று தொடங்கிய சந்தேகம்தான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. மக்கள் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கினால் பூட்டு யார் வாங்குவார்? என் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? இதோ, பேச்சாளருக்கென்று ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். ஊற்றியது யார்? தலைவரா? அப்படியானால் அது அப்படியே இருக்கட்டும்.

அவையோரே! இன்று என்னை இந்த மேடையில் ஏற்றியது பாராட்டுவதற்கு அல்ல, வெளியேற்றுவதற்கு. புதிதாக வந்தவர்களுக்காக வழக்கைச் சொல்கிறேன்.

நம் மன்றத்துக்கு ஒரே ஒரு சட்டம். மாதம் ஒருமுறை, தலைவரின் தையல் கடை மாடியில், ஆளுக்கொரு புட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வருவோம். எது யாருடையது என்று தெரியாமல் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்து, இன்னாருடையது என்று கண்டுபிடிப்போம். எந்தப் புட்டியும் ஒரு சட்டை தைக்கும் கூலியைவிட விலை கூடியதாக இருக்கக் கூடாது. மீறினால் நீக்கம். சட்டைக் கூலியைத் தலைவர் அடிக்கடி ஏற்றுவது எதனால் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு; அதை வேறொரு கூட்டத்துக்கு வைத்திருக்கிறேன்.

பேக்கரிக்காரர் கொண்டுவரும் ரம்மில் வார்னிஷ் மணக்கும். சலூன்காரத் தம்பியின் டின் பீர் எப்போதும் குளித்துவிட்டு வந்தவன் உடம்புபோல் வெதுவெதுப்பாக இருக்கும். நான் கொண்டுவருவது? ஆகா! திருகு மூடி போட்ட திராட்சை மது! மூடியைத் திருகினால் இனிப்பு, முகர்ந்தால் இனிப்பு, முழுங்கினால் இனிப்பு! லேபிளில் இருக்கும் திராட்சை உள்ளேயும் இருக்கிறதா என்பது ஐயம். ஆனால் ஒரு சொட்டு மேசையில் விழட்டும், எறும்புகள் ஊர்வலமே வந்துவிடும்! இருமல் மருந்துக்குக் கல்யாணக்களை வந்ததுபோல் ஒரு நிறம்! பெரிய மனிதர்கள் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்! அவர்கள் சுளித்த மீதியல்லவா நமக்கு இந்த விலையில் கிடைக்கிறது!

போன கூட்டத்தில் என் புட்டி திறக்கப்பட்டது. எல்லோரும் ஒரு வாய் குடித்தார்கள். செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்தார்கள்; என் லேபிள்தான். முதலில் வாயைத் திறந்தவர் பேக்கரிக்காரர்.

"என்னய்யா இது, கஷாயமா? நாக்கு உள்ள இழுக்குது!"

"அண்ணே, கெட்டுப்போச்சா?" என்றான் தம்பி.

நானும் குடித்தேன். துவர்ப்பு. புளிப்பு. இனிப்பென்பது மருந்துக்கும் இல்லை. தலைவர் மட்டும் இரண்டாவது வாய் குடித்தார், மூன்றாவதும் குடித்தார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

"கெடல. இது காஸ்ட்லி சரக்கு. பூட்டுக்காரரே, எங்ககிட்டயே பந்தாவா?" என்றார்.

பந்தாவா? நானா? ஒரே பெல்ட்டுக்கு நான்கு முறை புது ஓட்டை போட்டவன் நான்!

காலிப் புட்டியோடு வீட்டுக்கு வந்து விசாரணையைத் தொடங்கினேன். மூடிக்குக் கீழே உடைந்த வளையம் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. புட்டி இருந்த அலமாரிக்குப் பூட்டு போட்டவன் நான். அந்தப் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. முதல் சந்தேகம் என் இல்லத்தரசிமீது.

"ஏங்க, உங்க சாக்கடைய எவ தொடுவா?" என்றாள்.

நியாயமான பதில். ஆகவே சந்தேகம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. என் பூட்டைக் கீறாமல் திறக்க இந்த நகரத்தில் ஒருத்தியால்தான் முடியும். சிறு வயதில் பொம்மைக்குப் பதிலாக என் பழைய பூட்டுகளை வைத்து விளையாடியவள். இப்போது பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். என் ஒரே மகள்.

அவையோரே, அப்போது நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? "பாப்பா, ஏதாவது தெரியுமா?" என்று கேட்டிருக்கலாம். இந்த அதிபுத்திசாலி கேட்டது என்ன தெரியுமா?

"எத்தனை நாளா திருட்டுத்தனமா குடிக்கிற? குடிச்சுட்டு என்னத்த ஊத்தி வச்ச?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அய்யா, ஊரிலுள்ள எந்தப் பூட்டையும் திறப்பேன். உள்ளிருந்து போட்ட தாழ்ப்பாளுக்கு என்னிடம் ஏது சாவி?

உண்மையைச் சொன்னது அவள் தாய். "அவ ஹோட்டல்ல பெரிய மனுஷங்க குடிக்கிறதப் பாத்து, எங்கப்பாவும் ஒருநாள் அதைக் குடிக்கணும்னு வாங்கிட்டு வந்தா. விலை தெரிஞ்சா நீங்க தொட மாட்டீங்கன்னு உங்க புட்டில ஊத்தி வச்சா. போதுமா?"

"அப்ப என்னோடது?"

"சிங்க்ல ஊத்திட்டா."

அடைத்துக்கொண்டிருந்த சிங்க் அன்றுமுதல் தங்குதடையின்றி ஓடுகிறது என்பதையும் இந்த அவையில் பதிவு செய்கிறேன்!

கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள். இப்போது அடைத்துக்கொண்டிருப்பது என் வீட்டுப் பேச்சு. அன்றுமுதல் என் மகள் என்னோடு பேசவில்லை. "சாப்பாடு ரெடின்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா" என்கிறாள் தாயிடம். நாளைக் காலை வேலை மாற்றலாகி வேறு நகரத்துக்குப் போகிறாள். ஒரு சொல் இல்லாமல் ரயிலேறிவிடுவாளோ? இதுதான் என் கவலை. நீக்கமாவது நீக்கம்! நீக்குங்கள், மறுமாதமே வாசலில் வந்து நிற்பேன்!

தலைவர் மணி அடிக்கிறார். நேரம் முடிந்ததா, டம்ளர் காலியானதா? பொறுங்கள் தலைவரே!

அதோ, வாசலருகே, தாயின் பின்னால் தலையைக் குனிந்து நிற்கிறாளே, அவளுக்குத்தான் இனி என் பேச்சு. மகளே! நீ குடித்தாய் என்று நான் சந்தேகப்பட்டேன். என் சந்தேகம் தவறு. மூடத்தனம். இவ்வளவு பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீயும் என்மேல் ஒரு சந்தேகம் வைத்திருந்தாயே, அது சரியா? "அப்பா நமக்காகத்தான் மலிவாகக் குடிக்கிறார், என் படிப்புக்காகத்தான் நல்லதை ஒதுக்கினார்" என்று நினைத்தாயாமே, உன் அம்மா சொன்னாள்! தியாகம் செய்தேன் என்றா என்னைச் சந்தேகப்பட்டாய்? தியாகமா? நானா? பண்டிகைப் பலகாரத்தில் உன் பங்கையும் எடுத்துத் தின்றவனடி நான்!

கேள் மகளே, இந்த அவையும் கேட்கட்டும்! எனக்கு அது பிடிக்கும்! கையில் காசில்லாத காலத்திலும் பிடித்தது. காசு வந்த பிறகும் பிடிக்கிறது! நாளை யாராவது தங்கக் குடத்தில் பழைய மதுவை வைத்து நீட்டினாலும், "கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?" என்று கேட்பவன் நான்! இனிப்பு என் ஏழ்மையல்ல, என் ஆசை! மலிவு என் தியாகமல்ல, என் அதிர்ஷ்டம்! உன் அப்பா எதையும் இழக்கவில்லை. எந்தக் குறையும் இல்லாமல், எறும்புகளோடு போட்டி போட்டுக்கொண்டு, இன்பமாகக் குடித்து வாழ்ந்திருக்கிறான்! அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு நீ ரயிலேறாதே. என்மேல் கோபமிருந்தால் அதை எடுத்துப் போ. பரிதாபத்தை மட்டும் இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போ!

என்னம்மா? இங்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல். அவையோரே, கொஞ்சம் அமைதி! தம்பி, அந்த மின்விசிறியை நிறுத்து.

"அப்பா, மைக்க விடுங்க. எல்லாரும் பசியோட உக்காந்திருக்காங்க!"

பேசிவிட்டாள்! அய்யா, கேட்டீர்களா? "உங்க வீட்டுக்காரர்" இல்லை, "அப்பா" என்றாள்! செயலாளரே, எழுதிக்கொள்ளுங்கள்! தலைவரே, உங்கள் தீர்ப்பை மெதுவாகப் படியுங்கள். எனக்கு அவசரமில்லை, எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது! பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், தூக்கத்திலும் தலையசைத்த மூத்தோர்களுக்கும், எண்ணிக்கையை வீட்டில் சொல்லப்போகும் தாய்மார்களுக்கும் நன்றி, நன்றி, நெஞ்சார்ந்த நன்றி! மகள் கூப்பிடுகிறாள், இறங்குகிறேன். வணக்கம்!