வெள்ளிக்கிழமை விலை

ஆர்.எஸ்.யூ., அதாவது கம்பெனி தன் ஊழியருக்குக் கொடுக்கும் பங்கு, என்றாலே தலைசுற்றுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை, ஐயா. பதினேழு வருடமாக ஒரு வரி ஆலோசகரிடம் வேலை பார்க்கிறேன். பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்தால் யாருக்கும் புரியவைத்துவிடுவேன். எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் கணவர் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார். சேர்ந்தபோது நாலாயிரம் பங்கு தருவதாகக் காகிதம் கொடுத்தார்கள். காகிதம் மட்டும்தான். பங்கு வருடத்துக்கு ஆயிரமாக நான்கு வருடத்தில் கைக்கு வரும். வருகிற நாளில் சந்தையில் என்ன விலையோ, அது அப்படியே அந்த மாதச் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். வரிக்காக முந்நூறைக் கம்பெனியே பிடித்துக்கொண்டு எழுநூறைக் கொடுக்கும். பிற்பாடு விலை ஏறி விற்றால், ஏறியதற்கு மட்டும் தனி வரி. அவ்வளவுதான் சங்கதி.

இரண்டு வருடம் முடிந்து, இரண்டாயிரம் பங்கு பாக்கி இருந்தது. விலை மூன்று மடங்காகியிருந்தது. அந்த நேரம் பார்த்து இவர் வேலையை விடப்போவதாகச் சொன்னார்.

“முடியலம்மா. நெஞ்சு வேற அடிக்கடி பிடிக்குது. அடுத்த திங்கக்கிழமை ராஜினாமா லெட்டர் குடுத்துடறேன்.”

“இன்னும் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. இப்ப விட்டா ஒரு பங்குகூட வராது.”

“அது காகிதத்துல இருக்கற காசு. நான் இங்க உன் முன்னாடி இருக்கேன்ல?”

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. அவர் பட்ட பாடெல்லாம் வீணாகப் போகிறதே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஃபைலை எடுத்து நிபந்தனைகளைப் படித்தேன். மற்றவர்கள் முதல் பக்கத்தோடு மூடிவிடுவார்கள். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: ராஜினாமா செய்தால் பாக்கிப் பங்கெல்லாம் ரத்து, பணியில் இருக்கும்போது இறந்தால் பாக்கி முழுவதும் அன்றே குடும்பத்துக்கு. அந்த விதியை எழுதியது நான் இல்லை.

புதன்கிழமை அவருக்கு வலி வந்தது. ஓடிப்போய் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தேன், வலி விடும்வரை முதுகை நீவிவிட்டேன். இதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் காலாண்டு முடிவுகள் வியாழக்கிழமைதான் வெளிவர இருந்தன.

நல்லபடியாகவே வந்தன. வெள்ளிக்கிழமை விலை பத்து சதவீதம் ஏறியது.

வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்வார். மூன்று மணிக்கு நாற்காலியில் சாய்ந்து சட்டைப் பையைத் தடவினார். வழக்கமாக மாத்திரை டப்பா அங்கேதான் இருக்கும். காலையில் சட்டை மாற்றக் கொடுத்தபோது நான் எடுத்து வைத்திருந்தேன்.

“மாத்திரை எங்கம்மா?”

“தேடறேங்க,” என்றேன்.

தேடவும் செய்தேன். அலமாரியைத் திறந்தேன், மேசை இழுப்பறையைத் திறந்தேன். டப்பா என் இடது கையில் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. மூன்றரை மணிக்குச் சந்தை மூடியபோது அவருக்கு மூச்சு இல்லை.

என் முதல் போன் ஆம்புலன்ஸுக்குப் போகவில்லை, கம்பெனியின் பங்குப் பிரிவுக்குப் போனது என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். உண்மைதான். இறந்த தேதியின் விலையைத்தான் எடுப்பார்களா என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அங்கே ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். வரிதான் கொஞ்சம் கூடுதல். இரண்டாயிரமும் ஒரே வருட வருமானமாகிவிட்டதால் வரியின் மேல் அடுக்கில் போய் விழுந்தது. அதற்கு வேறு வழியில்லை.

நேற்று அவருடைய மேலாளரின் வாக்குமூலத்தை என்னிடம் காட்டினீர்கள். வியாழக்கிழமை சாயங்காலமே இவர் அவரிடம் போய், “லெட்டர் குடுக்கல சார். இன்னும் ரெண்டு வருஷம் இருந்துடறேன். வீட்ல ரொம்ப ஆசைப்படறாங்க,” என்று சொல்லியிருக்கிறார்.

அதை இரண்டு முறை படித்தேன். மனது ஆறவே இல்லை. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நான் டப்பாவை எடுத்தே இருக்கமாட்டேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவுமறைவு கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், ஐயா.